வீட்டுப் பண்டத்துக்கு விலை வைத்த கதை: சாக்லேட் பழமும் வடசென்னையும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. உழவரின் வறுமையைச் சொல்லும் மொழியாகத்தான் எல்லோரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். வணிகவியல் படிப்பவர்கள் இதை வேறு மாதிரியும் படிக்கலாம். கணக்கு எழுதாத வரையில், தன் உழைப்புக்குக் கூலி வரவில்லை என்பதே உழுதவனுக்குத் தெரியாது!

சமையலறைக்கும் இது பொருந்தும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னை முழுக்க வீட்டிலேயே பண்டம் செய்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். முறுக்கு, அதிரசம், ஊறுகாய், டிசம்பர் வந்தால் கேக். இந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது சாக்லேட்டில் முக்கிய பழம். ஸ்ட்ராபெரியையோ ஆரஞ்சுச் சுளையையோ உருகிய சாக்லேட்டில் முக்கி, ஆறவைத்து, பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். பார்க்க அழகு, செய்யவும் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை.

ஆனால் "பெட்டி என்ன விலை?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். பழத்துக்கு இவ்வளவு, சாக்லேட்டுக்கு இவ்வளவு, மேலே "கொஞ்சம்" போட்டு ஒரு விலை சொல்லிவிடுவார்கள். இந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதுதான் கேள்வி. உலகம் இதற்கு விடை கண்டுபிடிக்கப் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையின் சில பக்கங்கள் வடசென்னையிலேயே இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

சாக்லேட் உருகி ஓட ஆரம்பித்தது எப்போது?

முதலில் பண்டத்தைப் பார்ப்போம். சாக்லேட் நெடுங்காலம் குடிக்கும் பொருளாகத்தான் இருந்தது. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 1828-ல் கோகோவிலிருந்து வெண்ணெயைப் பிழிந்து பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. 1875-ல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பால் சாக்லேட் செய்தார். 1879-ல் அதே நாட்டைச் சேர்ந்த ரொடால்ஃப் லிண்ட் சாக்லேட்டை நீண்ட நேரம் அரைத்துக் கலக்கும் முறையைக் கண்டார். அதுவரை வாயில் நறநறவென்று இருந்த சாக்லேட், இதற்குப் பிறகு வழுவழுப்பாக உருகியது. ஒரு பழத்தை முக்கி எடுத்தால் மெல்லிய உறைபோலப் படிகிற சாக்லேட் அப்படித்தான் வந்தது.

இந்தியாவுக்கு அது விலை உயர்ந்த விருந்தாளியாகத்தான் வந்தது. கேட்பரி நிறுவனம் 1948-ல் இங்கே தொழிலைத் தொடங்கியபோது சாக்லேட்டை இறக்குமதி செய்துதான் விற்றது. கேரளத்தின் வயநாட்டில் கோகோ பயிரிடும் முயற்சி 1965-ல் ஆரம்பித்தது. பிறகு கர்நாடகத்திலும், தமிழ்நாட்டில் பொள்ளாச்சி பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் ஊடுபயிராகப் பரவியது.

சென்னைக்காரர்களுக்கு வெளிநாட்டுச் சாக்லேட் என்றால் ஓர் இடம் ஞாபகம் வரும். அது பர்மா பஜார்! பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டாண்டுகளில் கடைகளும் தொழில்களும் தேசியமயமாக்கப்பட்டன. அங்கே பிழைத்துவந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி சென்னை வந்தார்கள். அவர்களின் பிழைப்புக்காக 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்ததுதான் அந்தக் கடைத்தெரு. நுகர்பொருள் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. துறைமுகம் பக்கத்திலேயே இருந்ததால் வாசனைத் திரவியம், கடிகாரம், சாக்லேட் என்று வெளிநாட்டுச் சரக்கு எல்லாம் அங்கே கிடைத்தது.

அங்கே விலை எப்படி வைத்தார்கள்? அடக்கவிலை என்ன என்று வாங்குபவருக்குத் தெரியாது. வேறு கடையில் விசாரிக்கவும் வழியில்லை. எனவே விற்பவர் ஒன்று சொல்ல, வாங்குபவர் பாதியில் ஆரம்பிக்க, நடுவில் எங்கேயோ முடியும். தட்டுப்பாடுதான் அங்கே விலையைத் தீர்மானித்தது. 2001 ஏப்ரலில் இந்தியா இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தொகுதியையும் நீக்கியது. அதன்பின் அதே சாக்லேட் அச்சிட்ட விலையோடு பல்பொருள் அங்காடிக்கு வந்துவிட்டது. தட்டுப்பாட்டை நம்பிய விலை, தட்டுப்பாடு போனதும் போய்விடும். வீட்டில் செய்பவர்களுக்கு இது முதல் பாடம். "இந்தத் தெருவில் வேறு யாரும் செய்வதில்லை" என்பதை நம்பி வைக்கும் விலை, அடுத்த தெருவில் ஒருவர் ஆரம்பிக்கும்வரைதான்.

ஊட்டியில் நூறு கிராம் கணக்கு

வீட்டுச் சாக்லேட் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்வது ஊட்டியைத்தான். "ஹோம்மேட் சாக்லேட்" என்ற பலகையைப் பார்க்காமல் அந்த ஊரில் ஒரு தெருவைக் கடக்க முடியாது. முந்திரி, உலர்திராட்சை, அத்தி எல்லாம் சாக்லேட்டில் புதைத்துக் கட்டிகட்டியாகக் குவித்து வைத்திருப்பார்கள். நூறு கிராம் இவ்வளவு என்று நிறுத்துக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம்.

எடைக்கு விற்பதில் ஒரு வசதி உண்டு. வாங்குபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க முடியும், விற்பவருக்குக் கணக்கு சுலபம். ஆனால் முக்கிய பழத்துக்கு இது சரிவராது. ஸ்ட்ராபெரியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். வேலையோ, ஒவ்வொரு பழமாகத் துடைத்து, காம்பைப் பிடித்து முக்கி எடுப்பதில் இருக்கிறது. எடைக்கு விலை வைத்தால் அந்த வேலை தராசில் ஏறாது!

இன்னொரு வித்தியாசம் வெயில். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஊட்டியில் மேசைமேல் வைத்தாலே சாக்லேட் இறுகும். மே மாதத்து ராயபுரத்தில் ஃபிரிட்ஜ் இல்லாமல் இறுகாது. கடலோர ஈரக்காற்று வேறு, மேலே வெள்ளை படிய வைக்கும். அதனால் பலர் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த "காம்பவுண்ட்" சாக்லேட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது மலிவு, வெயிலையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் சுவை வேறு. எனவே ஊட்டி விலையைப் பார்த்து வடசென்னையில் விலை வைக்க முடியாது.

காசிமேட்டின் ஏலமும் கூறும்

அழுகும் பொருளுக்கு விலை வைப்பதில் வடசென்னைக்கு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காசிமேட்டு மீன்காரப் பெண்கள்.

விடிவதற்கு முன்பே துறைமுகத்தில் ஏலம் ஆரம்பித்துவிடும். படகு எத்தனை வந்தது, என்ன மீன் கிடைத்தது என்பதைப் பொறுத்துக் கூடையின் விலை அன்றன்றைக்கு மாறும். கூடையை ஏலத்தில் எடுக்கும் பெண்கள் அதைத் தெருவிலும் சந்தையிலும் கூறு கட்டி விற்பார்கள். கூறு என்பது கண்ணளவு. காலையில் ஒரு கூறின் விலை ஒன்று. வெயில் ஏற ஏற அதே விலைக்குக் கூறு பெரிதாகும், அல்லது அதே கூறின் விலை இறங்கும். மாலையில் மிஞ்சியதை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாலையில் வரும் நஷ்டத்தைக் காலை விலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் "இயல்பான இழப்பு" என்று வருவது இதுதான். நூறில் பத்து வீணாகும் என்று தெரிந்தால், மீதித் தொண்ணூறுதான் நூறின் செலவையும் சுமக்க வேண்டும். சாக்லேட்டில் முக்கிய ஸ்ட்ராபெரியும் மீனைப் போலத்தான். ஒரு நாள் தாண்டினால் பழம் தண்ணீர் விட்டு, உறை பிரிந்துவிடும்.

வாங்குபவர் கையில் எப்போது காசு இருக்கும் என்பதும் இங்கே முக்கியம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாளானது. அந்த இரண்டு மாதம் ராயபுரத்துத் தெருக்களில் வியாபாரம் மந்தம். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஆலைச் சம்பளம். 1936-ம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 7-ம் தேதி, பெரிய ஆலைகளுக்கு 10-ம் தேதி என்று கெடு வைத்தது. மாதத்தின் முதல் பாதியில் விற்பது கடைசி வாரத்தில் விற்காததற்குக் காரணம் பண்டத்தின் ருசி அல்ல!

பழமும் அப்படித்தான். முன்பு ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடி இந்த வட்டாரத்துக்குக் கூப்பிடு தூரம். 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. ஸ்ட்ராபெரி இன்னும் தொலைவிலிருந்து வர வேண்டும். இந்தியாவில் அதற்குப் பெயர்போன இடம் மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரம். குளிர்காலம்தான் பருவம், மற்ற மாதங்களில் விலை எட்டாது. பழம் வாங்கப் போய்வரும் பஸ் காசையும் நேரத்தையும் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

செலவைப் பிரித்துப் பார்த்த குயவர்

விலையைப் பற்றி எழுதியவர்கள் பழங்காலத்திலேயே இருந்தார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் உள்நாட்டுச் சரக்குக்கு 5 சதவீதம், வெளிநாட்டுச் சரக்குக்கு 10 சதவீதம் என்று வணிகரின் லாபத்துக்கு வரம்பு வைத்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களின் நேர்மையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. ஆனால் இவை இரண்டும் வாங்கி விற்பவரைப் பற்றியவை. தானே செய்து விற்பவருக்கு அடக்கவிலை எது?

இதற்கு ஒரு நல்ல விடை 1772-ல் இங்கிலாந்தில் கிடைத்தது. ஜோசையா வெட்ஜ்வுட் என்ற குயவர் அழகிய பூச்சாடிகளும் தட்டுகளும் செய்து விற்றார். அந்த ஆண்டு ஐரோப்பாவில் கடன் நெருக்கடி வந்தது, விற்பனை படுத்துவிட்டது. விலையைக் குறைக்கலாமா, குறைத்தால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு செலவாகப் பிரித்து எழுதினார். அப்போது ஓர் உண்மை தெரிந்தது. வாடகை, அச்சு செய்யும் செலவு, எழுத்தர் சம்பளம் போன்றவை பத்துச் சாடி செய்தாலும் நூறு செய்தாலும் பெரிதாக மாறுவதில்லை. அதிகம் செய்தால் ஒரு சாடியின் தலையில் விழும் பங்கு குறையும். இன்று நிலையான செலவு, மாறும் செலவு என்று முதலாண்டு மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

திருவொற்றியூரின் பலூன் கொட்டகை

வீட்டுத் தொழில் பெரிதாகும் கதைக்குத் திருவொற்றியூரே சாட்சி. கே.எம். மாம்மன் மாப்பிள்ளையின் தந்தை நடத்திய திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி 1938-ல் மூடப்பட்டது. குடும்பம் சொத்திழந்து நின்றது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் விடுதியில் தரையில் படுத்துக் காலம் கழித்தார். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்தார். இயந்திரம் கிடையாது. மனைவி குஞ்ஞம்மாவும் வேலையில் துணை நின்றார். செய்த பலூன்களைப் பையில் போட்டுத் தெருவில் கொண்டுபோய் விற்றதும் அவரேதான்.

1949-ல் தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகம், 1952-ல் டயர் ரீட்ரெடிங்குக்கான ரப்பர், 1961-ல் டயர் என்று வளர்ந்த அந்தக் கொட்டகையின் பெயர்தான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப்! பலூன் என்பது காசுக்கு விற்கும் பொருள். அதில் விலையை நினைத்தபடி ஏற்ற முடியாது. அதே ரப்பரைத் தெரிந்துகொண்டு, விலை கிடைக்கும் வேறு பொருளுக்கு மாறினார். ஆனால் அந்த முதல் ஆண்டுகளில் கணவனும் மனைவியும் கொட்டகையில் செலவிட்ட நேரத்தை யாரும் பலூனின் விலையில் எழுதிச் சேர்த்திருக்க வாய்ப்பில்லை. வீட்டுத் தொழில்கள் எல்லாமே இப்படித்தான், கூலி இல்லாத உழைப்பை மூலதனமாகப் போட்டுத்தான் ஆரம்பிக்கின்றன. ஆரம்பத்தில் அது சரி. அதுவே பழக்கமானால்தான் ஆபத்து.

ஏழு பெண்கள், 80 ரூபாய்

இந்தியாவில் அடக்கவிலைக் கணக்காளர்களுக்கான சட்டம் 1959-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு மார்ச் 15 அன்று மும்பை கிர்காவில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் சேர்ந்து அப்பளம் இட்டார்கள். கடன் வாங்கிய முதல் 80 ரூபாய். முதல் நாள் தேறியது நான்கு பாக்கெட். இதுதான் லிஜ்ஜத் பப்படத்தின் தொடக்கம்.

முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். அந்த ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை, நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளம், கீழே அடுப்பு. பிரச்சினை தீர்ந்தது.

விலை விஷயத்தில் அவர்கள் கற்ற பாடம் அருமையானது. ஆரம்பத்தில் இரண்டு தரத்தில் அப்பளம் செய்து, மட்டமானதை மலிவாக விற்றார்கள். கடன் கொடுத்து வழிகாட்டிய சகன்லால் பரேக் அதைத் தடுத்தார். ஒரே தரம்தான் இருக்க வேண்டும், கணக்கு ஒழுங்காக எழுத வேண்டும், இது தர்ம காரியமல்ல, தொழில் என்றார்.

இன்னொன்று அதைவிட முக்கியம். உருட்டித் தந்த அப்பளத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் கூலி கிடைக்கும். அதற்கு மேல் மிஞ்சும் லாபத்திலும் பங்கு உண்டு. கூலி வேறு, லாபம் வேறு! வீட்டில் தனியாகச் செய்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து "லாபம்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

தண்டல்காரரின் பங்கு

வடசென்னையில் சிறுவியாபாரம் செய்பவர்களுக்குத் தண்டல் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. 10,000 ரூபாய்க் கடன் என்று பேசுவார்கள். கையில் தருவது 9,000. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பத்து வட்டிதானே?" என்று தோன்றும். உண்மைக் கணக்கு அப்படியல்ல. முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. சராசரியாகக் கையில் இருப்பது சுமார் பாதித் தொகைதான். அதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 77 சதவீதம் வருகிறது!

1969-ல் 14 பெரிய வங்கிகள் தேசியமயமாயின. 1972-ல் ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் வந்தது. ஆனால் கூடை சுமக்கும் பெண் வங்கிக்குள் எப்படி நுழைவது? பிணை யார் தருவது? இந்தக் கேள்விக்குச் சென்னையில் விடை தேடியவர் ஜெயா அருணாசலம். காங்கிரஸ் கட்சிப் பணியில் இருந்த அவர், குடிசைப் பகுதிகளில் வெள்ள நிவாரணத்துக்குப் போனபோது, இந்தப் பெண்களுக்குத் தேவைப்படுவது நிவாரணத்தைவிட நியாயமான வட்டியில் கடன் என்று கண்டார். 1978-ல் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 800 பெண்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்கினார்கள். மீன் விற்றவர், பூ விற்றவர், இட்லி சுட்டவர் எல்லோரும் அதில் உண்டு. வங்கிகளில் தாமதமும் அலைச்சலும் இருந்ததால் 1981-ல் தாங்களே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 2019-ல் ஜெயா அருணாசலம் காலமானார்.

2003-ல் தமிழ்நாடு அரசு அதீத வட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் சொற்களே அந்தச் சட்டத்தில் இடம்பெற்றன. தெருவின் மொழி சட்டத்தில் ஏறும் அளவுக்குப் பிரச்சினை பெரிதாக இருந்தது என்று அர்த்தம். விலை வைக்கும்போது இந்த வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது? பெரும்பாலும் எங்கேயும் இல்லை. அது உழைத்தவரின் கூலியிலிருந்துதான் போகிறது.

இப்போது ஒரு பெட்டிக்குக் கணக்கு

இதுவரை பார்த்த எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்கான மாதிரி மட்டுமே.

பெட்டிக்கு 6 பழம் வீதம் 10 பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். பழம் 350 ரூபாய், சாக்லேட் 400, பெட்டியும் காகிதமும் 150, கேஸ், மின்சாரம், ஐஸ் 50, போக்குவரத்து 50. மொத்தம் 1,000. பெட்டி 150 என்று விற்றால் 1,500 வரும். "ஐந்நூறு லாபம்!" என்று வீடே மகிழும்.

இனிதான் கணக்கு. மீன்காரப் பெண்கள் சொல்லித்தந்தபடி ஒரு பெட்டி வீணாகிறது. வந்தது 1,350, மிச்சம் 350. தண்டல் வட்டி நாளுக்கு 10 ரூபாய். இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்வதால் 20 போகும். மிச்சம் 330. பழம் வாங்கிவர 2 மணி நேரம், கழுவித் துடைத்து உலர்த்த ஒன்றரை, உருக்கி முக்க 2, பெட்டி கட்ட 1, கொண்டுபோய்ச் சேர்க்க ஒன்றரை. ஆக 8 மணி நேரம். 330-ஐ 8-ஆல் வகுத்தால் மணிக்கு 41 ரூபாய். இது லாபம் அல்ல, கூலி. அதுவும் குறைந்த கூலி!

மணிக்கு 60 ரூபாய் கூலி என்று முதலிலேயே எழுதினால் 480. மொத்த அடக்கம் 1,000, 480, 20 சேர்ந்து 1,500. விற்பது 9 பெட்டி என்பதால் ஒரு பெட்டியின் அடக்கவிலை சுமார் 167. அதன்மேல் 15 சதவீதம் லாபம் வைத்தால் ஏறக்குறைய 190 ரூபாய். 150-க்கும் 190-க்கும் நடுவில் இருக்கும் 40 ரூபாயைத்தான் பலர் வாங்குபவருக்குத் தெரியாமலே இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"190 என்றால் யார் வாங்குவார்கள்?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் வரலாற்றில் வழி இருக்கிறது. முன்பதிவு வாங்கிக்கொண்டு மட்டும் செய்தால் வீணாவது நிற்கும். அப்போது அடக்கவிலை அதே 1,500-ஐ 10-ஆல் வகுத்து 150 ஆகிவிடும். வெட்ஜ்வுட் கண்டபடி ஒரே நாளில் 20 பெட்டி செய்தால், சந்தைக்குப் போகும் 2 மணி நேரமும் போக்குவரத்தும் வட்டியும் இரட்டிப்பாகாது. பழம், சாக்லேட், பெட்டிக்கு 1,800, கேஸ் வகைக்கு 100, போக்குவரத்து 50, வட்டி 20, 14 மணி நேரக் கூலி 840 என்று 2,810 வரும். இருபதும் விற்றால் பெட்டி 140 ரூபாய் 50 காசுதான் அடக்கம். அதுவும் கூலி உட்பட! அப்போதும் முடியாதென்றால் 6 பழத்தை 4 ஆக்கிச் சின்னப் பெட்டி போடலாம். லிஜ்ஜத் பாடத்தின்படி, மட்டமான பழத்தைப் போட்டு விலையைக் குறைப்பது மட்டும் கூடாது.

அரசும் உலகச் சந்தையும்

வீட்டில் செய்தாலும் சட்டத்துக்கு வெளியே இல்லை. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் விதிகள் அமலுக்கு வந்தன. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்த சிறு தயாரிப்பாளர்களும் 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று அவை கூறின.

ஜி.எஸ்.டி.யில் ஒரு விசித்திரம் உண்டு. சாக்லேட்டுக்கு 2017 ஜூலையில் 28 சதவீதம் வரி, அதே ஆண்டு நவம்பரில் 18 ஆனது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. சிறு விற்பனையாளர் வரி வசூலிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வாங்கும் சாக்லேட் கட்டியின் விலையில் வரி ஒளிந்திருக்கிறது. பதிவு இல்லாததால் பெரிய நிறுவனங்களைப் போல அதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது அப்படியே அடக்கவிலையில் ஏறிவிடும்.

உலகச் சந்தையும் ராயபுரத்துச் சமையலறைக்குள் வந்து போகும். பல ஆண்டுகள் பெரும்பாலும் டன்னுக்கு 2,000 முதல் 3,000 டாலர் என்று இருந்த கோகோ, மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால் 2024 மார்ச்சில் 10,000 டாலரைத் தாண்டியது. அந்த டிசம்பரில் 12,000-ஐயும் தாண்டிவிட்டு, 2025-ல் இறங்கியது. கானாவில் மரத்துக்கு நோய் வந்தால் திருவொற்றியூரில் சாக்லேட் கட்டி விலை ஏறும். பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருப்பவர் தன் கூலியிலிருந்து அந்த ஏற்றத்தைக் கட்டிக்கொண்டிருப்பார்.

முடிவாக

விலை என்பது பேராசை அல்ல. ஒரு பண்டத்துக்குள் யார் யாருடைய பங்கு இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் அது. அந்தப் பட்டியலில் பழக்காரர் பங்கு, சாக்லேட் நிறுவனத்தின் பங்கு, பஸ்காரர் பங்கு, தண்டல்காரர் பங்கு எல்லாம் தவறாமல் எழுதப்படுகின்றன. ஏனென்றால் அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். செய்தவர் மட்டும் கேட்பதில்லை, அதனால் அவருடைய வரி காலியாக இருக்கிறது.

கிர்காவின் ஏழு பெண்களும், சென்னையில் கூடை சுமந்த 800 பெண்களும் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. அந்தக் காலி வரியில் ஒரு தொகையை எழுத வேண்டும் என்று முடிவு செய்தவர்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாமல் போகலாம். ஆனால் கணக்குப் பார்த்தால்தான் அந்த உழக்கு எங்கே போனது என்று கேட்க முடியும். அடுத்த முறை வீட்டில் செய்த பண்டத்தை வாங்கும்போது "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கேட்பதற்கு முன், குறையப்போவது பழத்தின் விலையா, செய்தவரின் கூலியா என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.